படமெடுக்கப் போகும் கார்: வாட்டர் வாஷா, வீட்டுக்கு வரும் ஆளா, ஸ்டூடியோவா, நம் கையா?

"காரைப் படம் எடுக்கணும், எங்கே கொடுத்தா நல்லா பண்ணுவாங்க?" தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னை முழுக்க இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்களில் பலர் பழைய காரை விற்கப் போகிறவர்கள். டிராவல்ஸ் வைத்திருப்பவர்களும் கல்யாணத்துக்கு வண்டி விடுகிறவர்களும் உண்டு. ஆசையாக வாங்கிய காரை நாலு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் கேட்கிறார்கள்.

அடையாறில் இருப்பவருக்குச் சொல்லும் பதிலை இங்கே அப்படியே சொல்ல முடியாது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், மணலியில் ஆலைப் புகை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, காசிமேட்டுப் பக்கம் உப்புக் காற்று, போரைத் திறந்தால் உப்புத் தண்ணீர். காலையில் கழுவிய கார் மதியத்துக்குள் மங்கிவிடும் ஊர் இது. அதனால் என் கருத்து இதுதான்: யார் நன்றாகக் கழுவுகிறார்கள் என்பதைவிட, படமெடுக்கும் இடத்தில் கடைசியாகத் துடைப்பது யார், எந்தத் துணியால், எந்தத் தண்ணீரால் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. தெருமுனை வாட்டர் வாஷ், வீட்டுக்கு வந்து கழுவும் ஆள், காரைப் பாலிஷ் போட்டுப் புதுப்பிக்கும் டீடெய்லிங் ஸ்டூடியோ, நம் கை என்ற நாலு வழிகளையும் கீழே அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

கேமராவுக்குத் தெரிவது. நிழலில் நின்று பார்த்தால் பளபளப்பாக இருக்கும் கார், வெயிலில் படமெடுத்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறலைக் காட்டும். இவை அழுக்குத் துணியால் தேய்த்துத் தேய்த்து வந்த சுழல் கீறல்கள். அடுத்து கண்ணாடி மேல் படிந்த மெல்லிய உப்புப் படலம், எண்ணெய் வழியும் டயர், டேஷ்போர்டு பளபளத்து விண்ட்ஷீல்டில் விழும் பிம்பம். நேரில் பார்ப்பவர் இவற்றைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார். படத்தில் முதலில் கண்ணில் படுவது இவைதான்.

தண்ணீர். இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். உப்பும் கால்சியமும் மக்னீசியமும் கலந்த தண்ணீர் பெயின்ட் மேல் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். சூடான பானெட்டில் காய்ந்தால் மேல்பூச்சை அரித்து உள்ளே இறங்கிவிடும்; அப்புறம் பாலிஷ் போட்டால்தான் போகும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது பல பத்தாண்டுக் கதை. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர விதி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குடிப்பதற்கு அந்தக் கணக்கு சரி. காரின் கடைசி அலசலுக்கு 100-க்குக் கீழே இருக்கும் தண்ணீர்தான் வேண்டும் என்பேன். கேன் தண்ணீர் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

தூசியும் தூரமும். கழுவும் இடத்திலிருந்து படமெடுக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர், நடுவில் எந்தச் சாலை? மாதவரத்தில் கழுவிவிட்டு எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகக் கடற்கரைக்குப் போனால், போய்ச் சேரும்போது கழுவியதில் பாதி வீண்.

பெயின்ட்டின் ஆயுள். கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 முதல் 130 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் பளபளப்பைத் தரும் மேல்பூச்சு ஏறக்குறைய 40 மைக்ரான். ஒவ்வொரு கம்பவுண்ட் பாலிஷும் அதில் கொஞ்சம் சீவி எடுக்கிறது. ஒரு நாள் படத்துக்காக அதை எவ்வளவு செலவழிக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

பணமும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல்கள்தான். கீழே தந்திருக்கும் தொகைகள் ஹேட்ச்பேக் அளவுக் காருக்கான தோராயக் கணக்கு. கடைக்குக் கடை மாறும்.

## தெருமுனை வாட்டர் வாஷ்

300 முதல் 600 ரூபாய், ஒரு மணி நேரம். ராம்ப் மேல் ஏற்றி அடிப்பாகத்தையும் வீல் ஆர்ச்சையும் பிரஷரில் அடிப்பது இங்கேதான் நடக்கும். மழைக்காலச் சேறு ஏறிய வண்டிக்கு இதைவிட மலிவான நல்ல தொடக்கம் கிடையாது. வேலை செய்யும் தம்பிகளின் உழைப்பையும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் துணியிலும் தண்ணீரிலும் இருக்கிறது. ஒரே துணி, அது சில இடங்களில் பனியன் வேஸ்ட், காலையிலிருந்து எல்லா வண்டிக்கும் ஓடுகிறது. முந்தைய காரின் மண் அதில் ஒட்டியிருக்கும். தண்ணீர் பெரும்பாலும் போர். முடித்ததும் அன்பாக டேஷ்போர்டுக்கும் டயருக்கும் பாலிஷ் அடித்துக் கொடுப்பார்கள். அது சிலிக்கான் எண்ணெய். படத்தில் டயர் ஈரமாக மின்னும், டேஷ்போர்டு கண்ணாடியில் எதிரொளிக்கும், வழியில் தூசி வேறு ஒட்டிக்கொள்ளும். சில கடைகளில் அடியில் டீசல் ஸ்ப்ரே அடிப்பதும் உண்டு. அதுவும் புழுதியை இழுக்கும்.

இவற்றைத் தவிர்க்கலாம். "அண்ணா, தண்ணியும் ஃபோமும் மட்டும் போதும், பாலிஷ் எதுவும் வேணாம், துடைக்கிறதுக்கு இந்தத் துணியை எடுத்துக்கோங்க" என்று சொல்லிப் புது மைக்ரோஃபைபர் துணி இரண்டை நீட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. படத்துக்கு முதல் நாள் இங்கே கொடுப்பது நல்லது, அன்றைக்கே கொடுப்பது நல்லதல்ல. வெள்ளை, சில்வர் நிறக் கார்களுக்குச் சுழல் கீறல் அவ்வளவாகத் தெரியாது என்பதால், அந்தக் கார்களுக்கு இதுவும் வீட்டில் ஒரு துடைப்பும் சேர்ந்தாலே போதும்.

## வீட்டுக்கு வரும் ஆள்

1,200 முதல் 2,500 ரூபாய். வேக்குவம், ஃபோம் துப்பாக்கி, பிரஷ்கள் எல்லாம் கொண்டுவந்து உள்ளும் புறமும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பார்கள். நம் கண் முன்னால் நடக்கிறது, துணி எது என்று பார்க்கலாம். இதன் பெரிய பலம், படமெடுக்கும் நாள் காலையில் படமெடுக்கும் இடத்துக்கே வரச் சொல்ல முடியும் என்பது. தூசியும் தூரமும் என்ற அளவுகோலில் இதுவும் நம் கையும்தான் தேறுகின்றன.

ஆனால் தண்ணீரையும் கரன்ட்டையும் நம்மிடமே கேட்பவர்கள் அதிகம். நம் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் என்றால் காசு கொடுத்து உப்பு வட்டம் வாங்கியதாகிவிடும். புக் செய்யும்போதே கேளுங்கள். அவர்களே தண்ணீர் கொண்டுவருகிறார்களா, இல்லையென்றால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் எடுத்து வைக்கட்டுமா என்று. அப்பார்ட்மென்ட்டில் சங்கத்தின் அனுமதி வேண்டும், நிழலும் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தெருக்களில் கார் நிற்கவே இடம் இல்லாதபோது, நாலு கதவையும் திறந்து வைத்து வேலை பார்ப்பது கஷ்டம்.

சீட்டை ஷாம்பு போட்டுக் கழுவும் பேக்கேஜை அன்றைக்கே எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் துணி சீட் காய அரை நாளாவது ஆகும். அதற்குள் கதவை மூடினால் வாடை வரும், படத்தில் ஈரத் திட்டு தெரியும். உள்ளே படம் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

## டீடெய்லிங் ஸ்டூடியோ

மெஷின் பாலிஷ் வரை போனால் 3,000 முதல் 8,000 ரூபாய், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள். பெயின்ட்டில் உண்மையாகவே மாற்றம் தெரிய வேண்டுமென்றால் இதுதான் வழி. க்ளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, ஒட்டிய தூசியை எடுப்பார்கள். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடிப்பார்கள், அது ஊதா நிறத்தில் வழியும். பிறகு மெஷினால் சுழல் கீறலைக் குறைப்பார்கள். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்தி, துருப்பிடித்து, ஆரஞ்சுப் புள்ளியாக மாறும். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, பெரம்பூர் ரயில் பாதைகளை ஒட்டிக் காரை நிறுத்துபவர்களுக்கு இது தெரிந்திருக்கும், குறிப்பாக வெள்ளைக் கார்களில். சாதாரண ஷாம்பு அதை அசைக்காது. மஞ்சளித்த ஹெட்லைட்டும் அப்படித்தான். அதன் மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், வெயிலில் கெட்டுப்போய் மஞ்சளாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெயில் தாங்கும் பூச்சு அடித்தால்தான் தெளியும். முன்பக்கப் படம் ஒன்றில் காரின் வயதை முதலில் காட்டிக் கொடுப்பது ஹெட்லைட்தான். பணம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு ஹெட்லைட்டை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று இடத்தில் வரும். ஒன்று, பெயின்ட்டின் மேல் பாதுகாப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங். உள்ளே போனாலே அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள், செலவு பல மடங்கு ஏறும். ஆண்டுக்கணக்கில் வைத்து ஓட்டும் காருக்கு அது பயனுள்ளதாக இருக்கலாம். படத்துக்கோ விற்பனைக்கோ அது தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு, கீறலை எடுக்காமல் பொருளால் நிரப்பி மூடும் கிளேஸ். சில வாஷில் அது போய்க் கீறல் திரும்பத் தெரியும். ஒரு நாள் படத்துக்கு அதுவே போதும், பெயின்ட்டும் சீவப்படாது. ஆனால் கீறல் போய்விட்டது என்று சொல்லி அதற்குக் கம்பவுண்ட் பாலிஷ் விலை வாங்கக் கூடாது. மூன்றாவது, திரும்பி வரும் வழி. கொளத்தூர் ஸ்டூடியோவில் எட்டாயிரம் கொடுத்துவிட்டு, மூலக்கடை நெரிசலில் லாரிக்குப் பின்னால் நின்றால் என்ன ஆகும்? முடிந்தால் வண்டியை எடுக்கும்போதே ஸ்டூடியோ வாசலில், வெறும் சுவரின் முன்னால் முக்கியமான படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ரப்பிங் போட்ட காரென்றால் பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மீட்டர் இல்லாத ஸ்டூடியோவில் கம்பவுண்ட் போட நான் சொல்ல மாட்டேன்.

## நம் கையால்

முதல் முறை பொருள் வாங்க 1,500 முதல் 2,500 ரூபாய், அரை நாள் உழைப்பு. அடுத்த முறைகளில் செலவு மிகக் குறைவு. நாலு வழிகளில் நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். சிக்கனம் அதற்கு இரண்டாவது காரணம். கடைசித் துடைப்பு நம் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் காரணம்.

வடசென்னைக்குப் பொருந்தும் முறை, அலசத் தேவையில்லாத வாஷ் திரவம். ஒரு 20 லிட்டர் கேன் வாங்குங்கள். பத்து லிட்டரை வாளியில் ஊற்றி அளவாகத் திரவம் கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணியை அதிலேயே ஊறப் போடுங்கள். மீதித் தண்ணீரில் கொஞ்சத்தை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, அதிலும் திரவத்தைக் கலந்து, துடைக்கப்போகும் பகுதியை முதலில் நனைத்து ஊறவிடுங்கள். ஒரு துணியை எடுத்து ஒரே திசையில் ஒரு இழுப்பு, துணியைத் திருப்பி அடுத்த இழுப்பு. அழுக்கான துணி வாளிக்குத் திரும்பக் கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. ஹோஸ் வேண்டாம், பார்க்கிங் நனையாது, உப்பு வட்டம் விழாது.

ஒரு எச்சரிக்கை. எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் நிறுத்திய காரில் சாம்பல் படிந்திருந்தால் நேரடியாகத் துணி வைக்கவே கூடாது. அந்தச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டதுபோல் கீறும். முதலில் தண்ணீர் அடித்து ஓடவிட வேண்டும். அதற்குத் தெருமுனை வாஷின் பிரஷரே போதும், வீட்டுக்கு வந்து கேன் தண்ணீரில் முடித்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் இந்தப் பகுதிக்கு மிகப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது, பொருள்கள் கையில் இருந்தால்.

மெஷின் பாலிஷை மட்டும் வீட்டில் முதல் முறையாக, படமெடுக்கப் போகும் காரில் முயற்சிக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | வாட்டர் வாஷ் | வீட்டுக்கு வரும் ஆள் | ஸ்டூடியோ | நம் கை |
|---|---|---|---|---|
| தோராயச் செலவு | ரூ. 300–600 | ரூ. 1,200–2,500 | ரூ. 3,000–8,000 | முதல் முறை ரூ. 1,500–2,500 |
| நேரம் | 1 மணி | 2–3 மணி | 1–1½ நாள் | அரை நாள் |
| தண்ணீர் | பெரும்பாலும் போர் | கேட்டுத்தான் தெரியும் | கேட்டுத்தான் தெரியும் | நாம் தேர்ந்தெடுப்பது |
| சுழல் கீறல் | கூடலாம் | அப்படியே இருக்கும் | குறையும் | அப்படியே இருக்கும் |
| படமெடுக்கும் இடத்தில் கடைசித் துடைப்பு | இல்லை | வரச் சொன்னால் உண்டு | இல்லை | உண்டு |
| கவனிக்க வேண்டியது | பொதுத் துணி, சிலிக்கான் பாலிஷ் | ஈர சீட், சங்க அனுமதி | செராமிக் பேச்சு, மேல்பூச்சு தேய்வது | இடுப்பு வலி, பொறுமை |

## யாருக்கு எது

விற்கப் போகிறவருக்கு: வாட்டர் வாஷ், நம் கை, தேவைப்பட்டால் ஹெட்லைட். அதற்கு மேல் போடும் பணம் விலையில் திரும்புவது அரிது. எஞ்சின் பகுதியை எண்ணெய் பூசியதுபோல் மின்ன வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் எண்ணெய்க் கசிவை மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். தூசி தட்டிய சுத்தம் போதும். பம்பரில் இடி இருந்தால் அதையும் தெளிவாக ஒரு படம் எடுத்துச் சேருங்கள். தாம்பரத்திலிருந்து பார்க்க வருபவர் வந்து கண்டுபிடித்துப் பேரம் பேசுவதைவிட, தெரிந்தே வருபவரிடம் பேசுவது நமக்கும் எளிது, நேர்மையும் அதுதான்.

கறுப்பு, அடர் நீலக் காருக்கு: ஐந்தாறு வருடம் வாட்டர் வாஷில் ஓடியிருந்தால் ஸ்டூடியோதான். வேறு எதுவும் அந்தக் கீறல்களை எடுக்காது.

டிராவல்ஸ், கல்யாண வண்டிக்கு: வருடம் முழுக்க ஓடப்போகும் விளம்பரப் படமென்றால் ஸ்டூடியோவில் ஒரு முறை போடுவது நியாயமான செலவு. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மண்டபத்துக்கு வரும் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளலாம். பூ அலங்காரத்துக்கு ஒட்டிய டேப்பின் பசையைக் கையோடு எடுத்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் எடுப்பது கஷ்டம்.

புதுக் காருக்கு: நம் கை மட்டும். ஷோரூமில் அவசரமாகத் துடைத்துக் கொடுப்பதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

## எந்த வழியானாலும், இடமும் வெளிச்சமும்

ஸ்ப்ரே பாட்டிலில் கேன் தண்ணீர், நாலு சுத்தமான துணி, கண்ணாடிக்குத் தனியாக ஒன்று, டயரைத் துடைக்க ஒரு பழைய துணி. இவ்வளவும் டிக்கியில் இருக்கட்டும். படமெடுக்கும் இடத்தில் நிறுத்தியதும் பானெட் சூடு ஆறும்வரை காத்திருந்து துடையுங்கள். ரிம் கேமராவைப் பார்க்கும்படி முன் சக்கரத்தைத் திருப்புங்கள். போனின் வைட் லென்ஸில் கிட்டே நின்று எடுத்தால் முகப்பு வீங்கித் தெரியும், கார் முழுதும் படத்துக்குள் வரும் அளவுக்குப் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கேமரா என்றால் போலரைசர் ஃபில்டர் ஒன்று கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் விழும் பிம்பத்தை நன்றாகக் குறைக்கும்.

கடல் பின்னணியாக வேண்டும் என்பவர்கள் விடியலில் போய் ஏமாறுகிறார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்துக் கேமராவைப் பிடித்தால் சூரியன் எதிரே நிற்கும், கார் கறுத்துவிடும். மாலையில் போனால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், காரில் பொன் வெளிச்சம் விழும். சூரியன் இறங்கிய பிறகு ஒரு கால் மணி நேரம் கிழக்கு வானம் இளஞ்சிவப்பும் நீலமுமாக இருக்கும், பெயின்ட்டில் கீறலே தெரியாத வெளிச்சம் அது. விடியற்காலைப் படம்தான் எடுக்க வேண்டும் என்றால் கடலை விட்டு உள்ளே வாருங்கள். மாதவரம் பால்பண்ணைப் பக்கத்து மர நிழல் தெருக்கள் அந்த நேரத்தில் அமைதியாக இருக்கும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசைக்கு ஓரமாக நிறுத்திப் படமெடுக்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து. ராயபுரம் ரயில் நிலையத்தின் 1856-ஆம் ஆண்டுக் கட்டடத்தின் முன்னால் எடுக்க ஆசைப்படுபவர்கள் ரயில்வேயிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கும் அதேதான். கடலோரம் எடுத்து முடித்ததும் வீட்டுக்கு வந்து உப்புப் படலத்தைத் துடைத்துவிட வேண்டும், மறுநாளுக்கு விட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

நாள் குறிக்க வசதி இருந்தால் மழை பெய்து விட்ட மறுநாளைத் தேர்ந்தெடுங்கள். காற்றில் சாம்பலும் புழுதியும் அடங்கியிருக்கும், வானம் தெளிவாக இருக்கும், தேங்கிய தண்ணீர் இல்லாத தெருவாகப் பார்த்துக்கொண்டால் துடைத்தது நிற்கும். வெளிர் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாளில் ஒரு கேன் தண்ணீரும் துணிகளுமே போதும்.